சுடாத கால்

"தீயணைப்பு வீரர் எனப்படுபவர் உடலுறுதியும் உளவுறுதியும் மிக்கவராகவும், புகை, இருள், ஒடுங்கிய இடம் ஆகியவற்றில் நிதானம் தவறாதவராகவும், தமது பாதுகாப்பிலும் பார்க்கக் கூட்டாளியின் பாதுகாப்பைப் பெரிதெனக் கொள்பவராகவும் இருத்தல் வேண்டும்."

இந்த வாசகம் மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள உள்ளூராட்சிச் சபை ஒன்றின் தீயணைப்பு நிலையத்தில், கேத்தில் வைக்கிற மேசைக்கு நேர் மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. எந்தச் சபை என்று கேட்டுப் பயனில்லை. எல்லாச் சபையிலும் சட்டம் இருக்கும், கேத்திலும் இருக்கும். பிரதீஸ் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அந்தக் கேத்திலில்தான் தேநீர் ஊற்றிக் குடித்தான். பயிற்சிக்கு முன் ஒரு நாளாவது அந்த வாசகத்தை அவன் வாசித்தது கிடையாது. பயிற்சிக்குப் பின் அதை வாசிக்காமல் தேநீர் ஊற்ற முடியவில்லை. ஆகவே தேநீரை விட்டுவிட்டான். வயிற்றில் புளிப்பு என்று மற்றவர்களுக்குச் சொன்னான்.

பிரதீஸ் படுவான்கரைப் பொடியன். வாவிக்கு மேற்கே, பொழுது படுகிற பக்கத்து வயல் ஊர்களுக்கு அந்தப் பெயர். அவனுடைய ஊரில் ஒரு காளி கோயில் இருக்கிறது. ஆண்டுச் சடங்கின் கடைசி நாளில் அங்கே குழி வெட்டி, விறகெரித்துத் தணலாக்கி, நேர்த்தி வைத்தவர்கள் அதன்மேல் நடப்பார்கள். நடப்பது என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. நெருப்புப் பாய்வது என்பார்கள். பிரதீசுக்குச் சின்ன வயதில் நெருப்புக்காய்ச்சல் வந்து ஆள் தேறுவானோ மாட்டானோ என்று கிடந்தபோது, தேறினால் வருசா வருசம் பாய வைப்பேன் என்று தாய் அன்னப்பூரணி நேர்ந்துகொண்டாள். காய்ச்சல் மாறிவிட்டது. நேர்த்தி மாறவில்லை. அரைக்காற்சட்டை போட்ட காலத்திலிருந்து அவன் பாய்கிறான். ஒரு தடவையும் கால் சுட்டதில்லை.

அவனுக்கு வேலை கிடைத்ததே அதனால்தான். நேர்முகப் பரீட்சையில், தாச்சியில் கொதிக்கிற எண்ணெயில் தீப்பிடித்தால் என்ன செய்வீர் என்று கேட்டார்கள். தண்ணீர் ஊற்றுவேன் என்றான். அப்படிச் செய்தால் தீ கூரைக்கு ஏறும் என்பது கேட்டவருக்குத் தெரியும். அவர் பேனாவை மூடி வைத்தார். அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்த உறுப்பினர், தற்செயலாகப் படுவான்கரைக்காரர், இந்தப் பொடியன் வருசா வருசம் நெருப்புப் பாய்கிறவன் என்று சொல்லிவிட்டார். அறையில் காற்றே மாறிப்போனது. கேள்விகள் நின்றன. காலைக் காட்ட முடியுமா என்று ஒருவர் மரியாதையாகக் கேட்டார். பிரதீஸ் சப்பாத்தைக் கழற்றிக் காட்டினான். பாதத்தில் இருந்த ஒரே கொப்புளம் புதுச் சப்பாத்துக் கடித்தது.

நெருப்பில் நடக்கிறவனுக்கு நெருப்பை அணைக்கத் தெரியாதா என்பது அவர்களுடைய எண்ணம். மீன் தின்கிறவனுக்கு வலை வீசத் தெரியும் என்பது போன்ற எண்ணம். ஆனால் அதைப் பிழை என்று சொல்ல அந்த ஊரில் ஒருவரும் இல்லை, பிரதீசும் சொல்லவில்லை. அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

அன்றைக்கே வேலைக்கு எடுக்கப்பட்ட இன்னொருவன் றுஸ்தி, காத்தான்குடிப் பொடியன். கட்டாரில் ஒரு மாடிக் கட்டடத்துக்குக் காவலாளியாக இருந்தவன். அங்கே நடந்த தீ ஒத்திகையைப் பார்த்து, செத்தாலும் இந்த வேலைதான் செய்வது என்று ஊருக்கு வந்துவிட்டான். றியாலை விட்டு ரூபாய்க்கு வந்தவனைப் பைத்தியம் என்று வீட்டில் பேசினார்கள். எந்தத் தீயை எதனால் அணைப்பது என்பது அவனுக்கு மனப்பாடம். ஆனாலும் நிலையத்தில் வீரன் யார் என்று கேட்டால் எல்லாரும் பிரதீசைக் காட்டுவார்கள். முதலில் கையை நீட்டுபவன் றுஸ்தி.

வீரத்துக்கும் வேலைக்கும் அதிகம் தொடர்பு வரவில்லை. குப்பைமேடு புகைந்தால் போவார்கள். குளவிக் கூடு கலைப்பார்கள், கிணற்றில் விழுந்த ஆட்டைத் தூக்குவார்கள், பெரிய மனிதர் யாரும் வருவதென்றால் மைதானத்துத் தூசி அடங்கத் தண்ணீர் அடிப்பார்கள். எல்லாம் வெளியில், வானத்துக்குக் கீழே நடக்கிற வேலைகள்.

பிறகுதான் பயிற்சி வந்தது. தற்காலிகமாக இருப்பவர்களை நிரந்தரமாக்க வேண்டுமென்றால் முறையான பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. தென்பகுதியில் தீயணைப்பில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சிங்கள அதிகாரியைச் சபை வரவழைத்தது. எல்லாரும் அவரைப் பயிற்சி சேர் என்றே அழைத்தார்கள். அவருக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். அந்தக் கொஞ்சத்தையும் கட்டளைக்கு மட்டும் வைத்திருந்தார். ஏணி, குழாய், கயிற்று முடிச்சு, முதலுதவி எல்லாவற்றிலும் பிரதீஸ் தேறினான். சுட்ட காலில் பற்பசை பூசக் கூடாது, ஓடுகிற தண்ணீரில் பிடிக்க வேண்டும் என்பதைக் கூடப் படித்தான். கடைசியாகப் புகை அறை.

புகை அறை என்றால் நிலையத்துக்குப் பின்னால், கண்டல் மரங்களின் ஓரமாகக் கிடந்த ஒரு பழைய கொன்டெய்னர். உள்ளே பலகையால் தடுப்புகள் அடித்து, ஈர வைக்கோலும் தேங்காய்ப் பொச்சுமட்டையும் போட்டு மூட்டினால் உள்ளங்கையும் தெரியாது. ஒரு மூலையில் பழைய காற்சட்டை மாட்டிய மணல் மூட்டை கிடக்கும். அதைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்ததால் பொடியன்கள் அதற்குச் சபைத் தலைவரை நினைத்துத் தவிசாளர் என்று பேர் வைத்திருந்தார்கள். இரண்டு இரண்டு பேராக உள்ளே போக வேண்டும். முதுகில் காற்றுச் சிலிண்டர், முகத்தில் மூச்சுக் கவசம். முன்னால் போகிறவன் ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு போவான். இருவருக்கும் இடையில் ஒரு சிறு கயிறு. ஒரு நுனி இவன் கையில், மறு நுனி அவன் கையில்.

பயிற்சி சேர் சொன்னார்: "புகையில் கண் இல்லை. கைதான் கண். கயிறு விட வேண்டாம். கயிறு விட்டால் கூட்டாளி செத்தது."

பிரதீசை முன்னாலும் றுஸ்தியைப் பின்னாலும் போகச் சொன்னார்கள். நெருப்புப் பாய்கிறவன் பின்னால் போவதா?

உள்ளே போய் முதல் தடுப்பைத் திரும்பியதும் பிரதீசுக்கு ஒரு விசயம் தெரிந்தது. தீக்குழிக்கு எதிர்க்கரை உண்டு. பாய்கிறவன் கண்ணுக்கு அது தெரியும். அங்கே மஞ்சள் தண்ணீரோடு தாய் நிற்பாள். பறை அடிக்கும், உடுக்கு அடிக்கும், ஊரே அரோகரா என்று பின்னால் தள்ளும், மேலே வானம் இருக்கும். இங்கே எதிர்க்கரை இல்லை. பறைக்குப் பதிலாகக் கவசத்துக்குள் அவனுடைய மூச்சுத்தான் இரைந்தது, யாரோ வேறு ஒருவனுடைய மூச்சைப் போல. நெருப்பு எங்கேயும் இல்லை. வெறும் புகை. அதுவும் பொச்சுமட்டைப் புகை. அவன் தாய் நுளம்பு விரட்டப் போடுவது. அந்தப் புகைக்கு அவன் கால்கள் தாமாகவே திரும்பின.

கயிற்றை விட்டான். கையால் கயிற்றை உதறினான் என்பதே சரி. றுஸ்தியை இடித்துத் தள்ளிக்கொண்டு, வந்த வழியைத் தடவி, கதவை உதைத்து வெளியே வந்து, கவசத்தைப் பிடுங்கி எறிந்து, கண்டல் வேரில் குந்தினான்.

றுஸ்தி உள்ளேயே இருந்தான். இடிபட்டதில் எந்தச் சுவர் எந்தப் பக்கம் என்பது அவனுக்குத் தவறிப்போனது. ஆனாலும் மூலை மூலையாகத் தவழ்ந்து தவிசாளரைக் கண்டுபிடித்து, தனி ஆளாக இழுக்கத் தொடங்கியிருக்கிறான். பாதி வழியில் காற்றுக் குறைந்து சிலிண்டர் விசில் அடித்தது. பயிற்சி சேர் தாமே கவசம் மாட்டிக்கொண்டு போய் இருவரையும், அதாவது அவனையும் மூட்டையையும், வெளியே இழுத்து வந்தார். றுஸ்தி மணலில் கவிழ்ந்து சத்தி எடுத்தான். கயிறு கொன்டெய்னரின் நடுவில் கிடந்தது. கயிறு யாருக்கும் சாட்சி சொல்வதில்லை.

யார் விட்டது என்று சேர் கேட்டார். எல்லாரும் பிரதீசைப் பார்த்தார்கள். சந்தேகத்தோடு அல்ல, என்ன நடந்தது என்று அவனிடம்தான் அறியலாம் என்பது போல. அந்தப் பார்வைதான் அவனைக் கெடுத்தது. ஒருவராவது கொஞ்சம் முறைத்திருந்தால் உண்மை வாயில் வந்திருக்கும் என்று பின்னாட்களில் அவன் எண்ணிக்கொண்டான். அதுவும் ஒரு பொய்தான்.

"கயிறு இளகிப் போச்சு சேர்," என்றான். "பின்னால இழுவை இல்ல. ஆளில்லாத கயிறப் புடிச்சிக்கிட்டு என்னெண்டு நிக்கிற? ஆளக் கூப்பிட வெளிய ஓடி வந்தன்."

சேர் றுஸ்தியைப் பார்த்தார். றுஸ்தி வாயைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். இடிபட்டது நினைவிருந்தது, எது முந்தி எது பிந்தி என்பது நினைவில்லை. நெருப்புப் பாய்கிறவன் புகைக்குப் பயந்து ஓடியிருப்பான் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் அதற்காகவும் வெட்கப்பட்டிருப்பான்.

"நான்தான் விட்டிருப்பன் சேர்," என்றான்.

றுஸ்தி கூட்டாளியைக் கைவிட்டவர் என்று தீர்ப்பாயிற்று. தீயணைப்புக்குப் பொருந்தாதவனைச் சபை வேலையை விட்டு நிறுத்தவில்லை. சபைக்கு இரக்கம் உண்டு. அடுத்த மாதம் முதல் குப்பை அள்ளுகிற உழவு இயந்திரத்துக்கு மாற்றுவதாக முடிவு செய்தது. பயிற்சி சேர் இன்னொரு தடவை வந்து தேறியவர்களைப் பார்வையிட்டுக் கையொப்பம் வைக்கிற நாளில், றுஸ்தி தலைக்கவசம், மேலங்கி, சப்பாத்து மூன்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அதற்கு நடுவில் றுஸ்தி பிரதீசிடம் மன்னிப்புக் கேட்க வந்தான். வெறுங்கையோடு வரவில்லை, ஒரு பெட்டி மஸ்கட் இனிப்போடு வந்தான்.

"மச்சான், மனசுல வெச்சிக்காத," என்றான். "உன்ன நடுவுல விட்டுட்டன். நீ மட்டும் ஆளக் கூப்பிட வெளிய ஓடாட்டி நான் அண்டைக்கே மௌத்து. உம்மாவும் உனக்குத் துஆக் கேட்டுத்தான் இத அனுப்பின."

பிரதீஸ் பரவாயில்லை என்றான். மன்னித்தும் விட்டான். பிறகு மஸ்கட் சாப்பிட்டான், நல்ல மஸ்கட். அன்று இரவு வயிறு உண்மையிலேயே புளித்தது.

சடங்கு நெருங்கியது. பாயாமல் இருக்க வழி உண்டா என்று பிரதீஸ் தாயிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தான். அரசாங்க வேலைக்காரன், கால் புண்ணானால் லீவு எடுக்க வேண்டி வரும் என்றான். அன்னப்பூரணி அதைக் கணக்கில் எடுக்கவில்லை. உண்மையாக இருப்பவன் காலை நெருப்புத் தொடாது என்று சொல்லி, ஊருக்கே தெரிந்த கதையை மறுபடி சொன்னாள்: தம்பியின் வயல் வட்டைக்குள் வரம்பைத் தள்ளிப் போட்டு, ஒரு துண்டைக் கள்ளமாய் விதைத்தவன் பாய வந்தானாம், மூன்றாம் அடியில் கால் வெந்து, குழியின் நடுவில் நின்று, வரம்பைத் தள்ளினது நான்தான் என்று ஊர் கேட்கக் கத்தினானாம்.

இந்தக் கதையைப் பிறந்த நாள் முதல் கேட்டவன்தான். இந்த முறை கேட்டபோது பயம் வந்தது. பயத்துக்கு அடியில் ஓர் ஆறுதலும் வந்தது. தன்னால் சொல்ல முடியாததைக் கால் சொல்லிவிடும். தான் வாய் திறக்க வேண்டியதில்லை.

காப்புக் கட்டுகிற நாளில் பூசை செய்கிற கட்டாடியார் சாமித்தம்பி வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் குறை கேட்டார். வீட்டில் செத்த வீடு உண்டா, பிள்ளை பிறந்ததா, மச்சம் மாமிசம் பட்டதா என்று கேட்டார். கூட்டாளியைப் புகைக்குள் விட்டுவிட்டு ஓடினாயா என்று கேட்கிற வழக்கம் இல்லை. பிரதீஸ் கையை நீட்டியபடி, மெல்லிய குரலில், பொய் சொன்னவன் பாயலாமோ என்று தானாகவே கேட்டான்.

சாமித்தம்பி நூலை முடிந்துகொண்டே சொன்னார்: "பொய் சொன்னவன் பாயக் கூடாதெண்டா இந்தக் குழிய வெட்டினதே வீண், மனே. நகரு, பின்னால சனம் நிக்குது."

தீமிதிப்பு நாளில், சுற்று வட்டாரத்தில் வழக்கம்போல, சபையின் தீயணைப்பு வண்டி பாதுகாப்புக்கு வந்து கோயில் வெளியின் ஓரத்தில் நின்றது. அணைத்துவிடக் கூடாத ஒரு தீக்குக் காவலாக நிற்பது அந்த வண்டிக்கு ஆண்டுக்கொரு முறை கிடைக்கிற கௌரவம். பிரதீசுக்கு அன்று நேர்த்தி லீவு. வண்டியோடு வந்தவன் றுஸ்தி. அவனுக்கு அது கடைசி வேலைகளில் ஒன்று; ஆகவே முதலுதவிப் பெட்டியை இரண்டு தரம் சரிபார்த்து, வாளி வாளியாக நல்ல தண்ணீர் நிரப்பி, குழியின் எதிர்க்கரைக்கு அப்பால் ஒரு பாய் விரித்து உட்கார்ந்திருந்தான். பாய்ந்து வருகிறவர்களின் காலைப் பார்க்கிற பொறுப்பு அவனுடையது.

பொழுது சாய்கையில் பறை எழும்பியது. பிரதீஸ் மஞ்சள் குளித்து, வேப்பிலையோடு வரிசையில் நின்றான். மற்ற ஆண்டுகளில் இந்த நேரத்தில் அவனுக்கு உடம்பு உதறும், தன் நினைவே இருக்காது. இந்த ஆண்டு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது: தணலின் மேல் படிந்த சாம்பல், யாரோ ஒருவருடைய தொலைபேசி வெளிச்சம், எதிர்க்கரையில் தாய், அவளுக்குப் பின்னால் பாயில் றுஸ்தி. ஓடக் கூடாது என்று நினைத்தான். சுடுகிறதென்றால் நன்றாகச் சுடட்டும். மெதுவாக, அழுத்தி வைத்து நடந்தான். ஊர் அதைப் பார்த்து மெய்சிலிர்த்தது; இப்படி நிதானமாக யாரும் பாய்ந்ததில்லை என்று பெண்கள் குரவையிட்டார்கள்.

எதிர்க்கரையில் ஏறி, வரப்போகிற வலிக்காகக் காத்து நின்றான். வலி வரவில்லை.

றுஸ்தி அவனைப் பாயில் இருத்தி, பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்து, தண்ணீர் ஊற்றிச் சாம்பலைக் கழுவினான். பயிற்சியில் படித்த மாதிரியே, விரல் இடுக்கு வரை பார்த்தான். மற்றக் காலையும் பார்த்தான்.

"ஒண்டுமில்ல, மச்சான். சுத்தம்," என்றான். "மனசு சுத்தமெண்டாச் சுடாதாமே, உங்கட ஆக்கள் சொல்ற. நான் இதுல இறங்கியிருந்தா வெந்திருப்பன்."

பிரதீஸ் வாயைத் திறந்தான். அதற்குள் அன்னப்பூரணி மஞ்சள் தண்ணீரோடு வந்துவிட்டாள், அவளுக்குப் பின்னால் ஊரும் வந்துவிட்டது. யாரோ ஒரு கிழவர் அவன் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கால் சுட்டிருந்தால் அவன் அன்றைக்கே தப்பியிருப்பான். நெருப்புக் கைவிட்டுவிட்டது, காளியும் தன் வேலை இது இல்லை என்று ஒதுங்கிவிட்டாள். இனி அந்த வேலையைச் செய்ய ஒரே ஓர் ஆள்தான் மிச்சம். அந்த ஆளிடம் பிரதீசுக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

அடுத்த நாள் காலை நிலையத்து முற்றத்தில் அணிவகுப்பு. பயிற்சி சேர் வந்திருந்தார். றுஸ்தி கொடுக்க வேண்டிய மூன்று பொருளையும் மேசையில் வைத்திருந்தான். சப்பாத்துக்கு மினுக்கம் போட்டிருந்தான். இன்னொருவன் போடப்போகிற சப்பாத்துக்கு. பிரதீஸ் வரிசையை விட்டு முன்னால் வந்தான். வரும் வழியெல்லாம் அவன் ஒரு பேச்சு ஆயத்தம் பண்ணியிருந்தான். அதில் கவசத்துக்குள் மூச்சு இரைந்த விதம் இருந்தது, எதிர்க்கரை இல்லாத கதை இருந்தது, சின்ன வயதுக் காய்ச்சல் கூட இருந்தது. கேட்பவர் கொஞ்சம் இரங்கத்தான் வேண்டும், அப்படிக் கட்டியிருந்தான். அதை முழுக்கவும் சொன்னான்.

சேர் புருவத்தைச் சுருக்கிக் கேட்டுவிட்டுக் கையை உயர்த்தினார்.

"விளங்கவில்லை," என்றார். "வேகம் வேண்டாம். சின்னச் சின்னதாய்ச் சொல்லு."

சின்னதாய்ச் சொல்வதென்றால் காய்ச்சல் இல்லை, மூச்சு இல்லை, எதிர்க்கரை இல்லை. பிரதீஸ் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான், முந்தின நாள் தணலில் கால் வைத்தது போல. இது சுட்டது.

"கயிற விட்டது நான், சேர். றுஸ்தி விடல்ல. நான் பயத்துல ஓடினன். மறுகா பொய் சொன்னன்."

சேருக்கு விளங்கியது. அவர் மேசையில் இருந்த தலைக்கவசத்தை எடுத்து றுஸ்தியின் பக்கம் நீட்டினார். றுஸ்தி அதை வாங்கவில்லை. அவன் பிரதீசையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வரும் என்று பிரதீஸ் எதிர்பார்த்தான். ஓர் அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று முகத்தைக் கூடக் கொஞ்சம் முன்னால் வைத்திருந்தான்.

"அப்ப நான் விடல்லையா?" என்று கேட்டான் றுஸ்தி. பதில் சொல்லும் முன்பே இன்னொரு தரம், தனக்குள் கேட்பது போல: "நான் விடல்ல, என்ன?"

"இல்ல," என்றான் பிரதீஸ்.

சபை அவனை என்ன செய்வது என்று இன்னும் கூடி முடிவெடுக்கவில்லை. ஊரில் அவன் இன்றைக்கும் நிதானமாக நெருப்புப் பாய்ந்தவன்தான்; அன்னப்பூரணியிடம் வேறு எதையும் சொல்லிப் பயனில்லை. கேத்திலுக்கு மேலே வாசகம் அப்படியே தொங்குகிறது. அதற்குக் கீழே எழுத ஏதும் உண்டென்றால் இவ்வளவுதான்: பிரதீஸ் பொச்சுமட்டைப் புகைக்குப் பயந்து கூட்டாளியை உள்ளே விட்டுவிட்டு ஓடினான், பழியை அவன்மேல் போட்டான், அவன் கொண்டுவந்த மஸ்கட்டைச் சாப்பிட்டான், பிறகு ஒரு நாள் காலை எல்லாரும் கேட்க உண்மையைச் சொன்னான்.